சிந்திய நெல்லும் கிழியாத மூட்டையும்

இரண்டு சாட்சிகள்

சர்க்கரை வியாதி திடீரென்று முற்றி, மூச்சு வாங்கவும் நினைவு தடுமாறவும் தொடங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, நல்ல வேளையாகப் பிழைத்து வீடு திரும்பிய ஒருவரைப் பற்றி அவருடைய உறவினர் சொல்லும் வரலாற்றில், சில சமயங்களில் அவிழாத முடிச்சு ஒன்று கிடக்கும். "ரத்தத்தைச் சோதித்ததில் ஹார்ட் அட்டாக்குக்கு உரிய பொருள் ஏறியிருக்கிறது என்றார்கள், நாங்கள் பதறிப்போனோம், ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தால் அடைப்பு ஒன்றுமே இல்லை என்கிறார்கள், இதில் எது உண்மை?" என்று அவர் கேட்பார். ஒரே வழக்கில் இரண்டு சாட்சிகள் வந்து, ஒருவர் குற்றம் நடந்தது என்றும் மற்றவர் குற்றவாளியே அந்தப் பக்கம் வரவில்லை என்றும் கூறினால், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று எண்ணுவது மனித சுபாவம். ஆயினும் இந்த வழக்கில் இருவருமே மெய்யே பேசுகிறார்கள். பிழை சாட்சிகளிடம் இல்லை. நாம் கேட்ட கேள்வியில் இருக்கிறது.

அந்தக் கேள்வியைத் தவறாகக் கேட்கும்படி நம்மைத் தூண்டுவதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. 'மாரடைப்பு' என்று சொல்லும்போதே 'அடைப்பு' என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். நோயின் பெயருக்குள்ளேயே அதன் காரணம் குடியேறிவிட்டபடியால், இதயத் தசைக்குச் சேதம் நேர்ந்தது என்ற செய்தி காதில் விழுந்தவுடன், குழாய் அடைபட்டது என்று நம் மனம் முடித்துக்கொள்கிறது. இந்த அத்தியாயத்தில் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முயல்வோம்.

ரத்தத்தில் தேடப்படும் பொருள்

கை கால் தசையாயினும் இதயத் தசையாயினும், அது சுருங்குவதற்கும் தளர்வதற்கும் ஒரு பூட்டும் சாவியும் வேண்டும். அந்தப் பூட்டாக அமைந்திருக்கும் புரதத்திற்கு ட்ரோபோனின் என்று பெயர். தசையின் உயிரணுவுக்குள் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் பாயும்போது, ட்ரோபோனின் அதைப் பற்றிக்கொண்டு சற்றே விலகி வழிவிடுகிறது. உடனே தசை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. கால்சியம் நீங்கியதும் பூட்டு மறுபடியும் விழுகிறது. ஜப்பானிய விஞ்ஞானியாகிய செட்சுரோ எபாஷி 1960களில் இதைக் கண்டறிந்தபோது, தசை எவ்வாறு இயங்குகிறது என்ற தத்துவ விசாரணையில் ஈடுபட்டிருந்தாரேயன்றி, மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் நாள்தோறும் உச்சரிக்கப்படப் போகும் ஒரு பெயரைத் தந்துகொண்டிருந்ததாக அவர் கருதியிருக்க மாட்டார்.

ரத்தத்தைக் கொண்டு மாரடைப்பை அறியும் முயற்சி அதற்கும் முந்தியது. 1954இல் நியூயார்க்கில், மாரடைப்புக்கு உள்ளானவரின் ரத்தத்தில் ஒரு நொதி மிகுவதைக் கண்டார்கள். ஆனால் அந்த நொதி கல்லீரலிலும் இருந்தபடியால், அது சொல்லும் சாட்சியத்தை முழுவதும் நம்புவதற்கில்லை. ட்ரோபோனினின் விசேஷம் என்னவெனில், இதயத் தசையில் உள்ள ட்ரோபோனினின் இரண்டு பகுதிகள் கை கால் தசைகளில் உள்ளவற்றினின்றும் அமைப்பில் வேறுபட்டவை. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தில் ஹூகோ காட்டுஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் 1980களின் இறுதியில் இதயத்துக்கே உரிய ஒரு பகுதியை ரத்தத்தில் இனம் காணும் பரிசோதனையை உருவாக்கினார்கள். இவ்வாறு ஓர் உறுப்பின் நிலையை ரத்தத்தில் இருந்துகொண்டு உரைக்கும் பொருளை இனிச் 'சுட்டி' என்று வழங்குவோம். ட்ரோபோனின் இதயத்தின் சுட்டி.

இன்றைய பரிசோதனைகளின் நுட்பம் வியக்கத்தக்கது. அவற்றுள் ஒன்றில், ஆரோக்கியமுள்ள நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு இதற்கு மேல் இராது என்று வகுத்த எல்லை 14. அதாவது, ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கி, அத்தகைய கூறுகளில் பதினான்கே ஒரு லிட்டர் திரவத்தில் கரைந்திருக்கும் அளவு. இத்துணைச் சிறிய அளவையும் கண்டுபிடிக்கும் கருவி, பெரிய விபத்தை மட்டுமின்றிச் சிறிய சிராய்ப்பையும் அறிவித்துவிடும் என்பதை மறந்துவிடலாகாது.

வண்டியில் ஏற்றிய நெல்

களத்திலிருந்து நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது, மூட்டைக்குள் தைக்கப்பட்ட நெல்லைத் தவிர, வண்டித் தட்டில் உதிரியாகச் சிந்திக் கிடக்கும் மணிகளும் கொஞ்சம் உண்டு. வண்டி போன பாதையில் நெல் சிந்தியிருப்பதைக் காணும் ஒருவன், யாரோ திருடன் மூட்டையைக் கத்தியால் கிழித்துவிட்டான் என்று முடிவு செய்யலாம். அப்படியும் நடந்திருக்கலாம். ஆனால் பாதை மேடும் பள்ளமுமாக இருந்து, மாடுகளும் மிரண்டு ஓடியிருந்தால், மூட்டை ஒன்றும் கிழியாமலே தட்டில் கிடந்த உதிரி மணிகள் கீழே விழுந்திருக்கக்கூடும். தையலின் இடுக்கு வழியாகவும் நாலு மணிகள் நழுவியிருக்கக்கூடும்.

இதயத்தின் உயிரணுவிலும் ட்ரோபோனின் இவ்வாறே இரு வகையாக இருக்கிறது. மிகப் பெரும் பகுதி தசை இழையோடு பிணைந்திருக்கிறது. நூற்றுக்குப் பத்துக்கும் குறைந்த பங்கு உயிரணுவின் நீரில் உதிரியாக மிதக்கிறது. ரத்தக் கட்டி வந்து தமனியை அடைத்து, அதை நம்பியிருந்த தசை பிராணவாயு இன்றி மாண்டால், பிணைந்திருந்த சரக்கும் நாளடைவில் சிதைந்து கசிகிறது. அதனால் அளவு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஏறி, ஒரு வாரம் பத்து நாள் வரையிலும் ரத்தத்தில் நீடிக்கிறது. உயிரணு மாளாமல், அதன் உறை மட்டும் தற்காலிகமாக நலிந்தால், உதிரிச் சரக்கு மட்டுமே வெளியேறும் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். நெடுந்தூர மாரத்தான் ஓட்டத்தை முடித்த ஆரோக்கியமான வாலிபர்களின் ரத்தத்திலும் ட்ரோபோனின் சற்று ஏறி, ஓரிரு நாளில் இறங்கிவிடுவது இந்தக் கருத்துக்கு ஆதரவாக நிற்கிறது.

ஆக, சுட்டி கூறுவது 'நெல் சிந்தியது' என்ற ஒன்றே. திருடனா, பாதையா என்பதை அது கூறுவதில்லை.

ஊசி போடாத மூன்று நாட்கள்

இனி ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொண்டு அதனோடு நடப்போம். இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி. உடல் நிறை ஐம்பது கிலோ. சிறு வயது முதல் இன்சுலின் ஊசியால் வாழ்பவள். அவளுக்குக் காய்ச்சல் வருகிறது; வாந்தியும் சேர்கிறது; ஆகாரம் செல்லவில்லை. "சாப்பிடாத வயிற்றுக்கு ஊசி எதுக்கும்மா?" என்று தாய் பரிவோடு சொல்ல, மகளும் அதுவே நியாயம் என்று எண்ணி மூன்று நாட்கள் ஊசியை நிறுத்திவிடுகிறாள்.

இந்தப் பரிவே அபாயமாகிறது. காய்ச்சலில் தேகத்துக்கு வேண்டிய இன்சுலின் குறைவதில்லை, மிகவே செய்கிறது. இன்சுலின் இல்லாதபோது, ரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாக நின்றும் உயிரணுக்கள் பட்டினி கிடக்கின்றன. கல்லீரலோ பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி மேலும் சர்க்கரையைச் செய்து ஊற்றுகிறது. தேகம் தன் கொழுப்பைக் கரைத்து, அதிலிருந்து கீட்டோன் எனப்படும் பொருள்களை ஆக்குகிறது. அவற்றுள் அமிலமானவை தேங்கத் தேங்க, ரத்தம் தன் இயல்பான காரத்தன்மையை இழக்கிறது. இதையே 'கீட்டோன் அமிலப் பெருக்கம்' என்கிறோம். மிகுந்த சர்க்கரை சிறுநீரில் வழியும்போது தன்னோடு நீரையும் உப்புகளையும் இழுத்துச் செல்வதால், தேகம் வறண்டுபோகிறது.

நான்காம் நாள் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். ஆழ்ந்தும் விரைந்தும் வாங்கும் மூச்சு, அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளித்தள்ள நுரையீரல் செய்யும் பிரயத்தனம். இந்த மூச்சை ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874இல் வருணித்தபடியால், இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வீசுகிறது. சர்க்கரை 480, நாடி நிமிஷத்துக்கு 130, ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கிறது, சுமார் ஐந்து லிட்டர் நீரை அவள் தேகம் இழந்திருக்கிறது. ரத்தத்தின் அமில அளவுகோல் 7.4 என்ற இயல்பிலிருந்து 7.1க்கு இறங்கியிருக்கிறது, பார்வைக்கு அற்பமான இந்த இறக்கம், அமிலத்துக்குக் காரணமான அயனிகள் இரு மடங்காகிவிட்டன என்று பொருள்படும். ட்ரோபோனின் 60. எல்லையோ 14.

நிமிஷத்தில் எத்தனை விநாடி?

அந்தப் பெண்ணின் இதயத் தமனிகளில் அடைப்பு ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நெல்லைச் சிந்தச் செய்தது யாது?

மற்ற உறுப்புகளுக்கெல்லாம் இதயம் சுருங்கும்போது ரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. இதயத்தின் முக்கிய அறையாகிய இடக் கீழறையின் சுவருக்கு மட்டும், அது தளர்ந்து ஓய்வெடுக்கும்போதே ரத்தம் பெரும்பாலும் பாய்கிறது. சுருங்கும்போது அந்தச் சுவர் தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்வதே காரணம். ஊருக்கெல்லாம் படியளந்துவிட்டுத் தன் பசியை ஓய்ந்த வேளையில் தீர்த்துக்கொள்ளும் குடும்பத் தலைவியின் நிலைமை அதற்கு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். நாடி எழுபதாக இருக்கையில், ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் காலம் ஏறக்குறைய 0.85 விநாடி, அதில் 0.3 விநாடி சுருங்குவதற்குப் போக, 0.55 விநாடி ஓய்வு. நிமிஷம் முழுவதற்கும் கூட்டினால், இதயம் தன் உணவை உண்ணக் கிடைப்பது சுமார் 38 விநாடி. நாடி 130 ஆகும்போது, ஒரு துடிப்புக்கு 0.46 விநாடியே உண்டு. சுருங்கும் காலம் சற்றே குறைந்து 0.25 ஆகிறதென்று கொண்டாலும், ஓய்வுக்கு எஞ்சுவது 0.21 விநாடி. நிமிஷத்துக்குச் சுமார் 27 விநாடி. வேலை இரு மடங்கை நெருங்கிவிட்டது. உண்ணும் நேரமோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய நறுக்கப்பட்டுவிட்டது. போதாததற்கு, தேகம் வறண்டு அழுத்தம் தாழ்ந்தபடியால், அந்த நேரத்திலும் ரத்தம் வேகமின்றியே பாய்கிறது.

இந்தச் சங்கடத்தை மட்டும் இளவயது இதயம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஏனெனில் ஆரோக்கியமான தமனிகள் விரிந்து, ரத்தத்தின் ஓட்டத்தைப் பன்மடங்கு பெருக்க வல்லவை. ஆனால் இங்கே அது தனியே வரவில்லை. சர்க்கரையை உள்ளே செலுத்த இன்சுலின் இல்லாததால், இதயம் கொழுப்பமிலங்களையே மிகுதியாக எரிக்க நேர்கிறது. கொழுப்பை எரிக்க, அதே அளவு சக்திக்குச் சர்க்கரையைவிடச் சற்று அதிகமான பிராணவாயு செலவாகும். எரியாமல் மிஞ்சிய கொழுப்பமிலங்கள் உயிரணுவின் உறையை நலியச் செய்யும் என்று கருதப்படுகிறது. ஆபத்தை உணர்ந்து தேகம் பொழியும் அட்ரினலின் இதயத்தைச் சாட்டையால் அடிப்பதுபோல் விரட்டுகிறது. அமிலமோ தசையின் சுருங்கும் வலுவைக் குறைக்கிறது. வறட்சியால் சிறுநீரகம் மந்தப்பட்டால், கசிந்த ட்ரோபோனினை அகற்றும் வேலையும் தாமதப்படலாம். இவற்றுள் எது எத்தனை பங்கு என்று ஒரு நோயாளியிடம் பிரித்தளக்க இயலாது. எல்லாம் சேர்ந்தே பாதையைக் கரடுமுரடாக்குகின்றன. இதே நோயில், கணையத்தில் அழற்சி ஏதும் இன்றியே கணையத்தின் நொதிகள் ரத்தத்தில் ஏறிநிற்பதையும் மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். எனவே இதயத்தின் சுட்டி மட்டுமே இப்படி மயக்குகிறது என்பதற்கில்லை.

மின்படமும் மயக்கும்

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இ.சி.ஜி. என்னும் மின்படத்தை நாடினால், அதுவும் சில வேளைகளில் திருடன் பக்கமே கை காட்டுகிறது. இதற்குக் காரணம் பொட்டாசியம். இந்த நோயில் சிறுநீர் வழியே பொட்டாசியம் பெருமளவு வெளியேறி, தேகத்தின் மொத்த இருப்பு குறைந்துபோகிறது. ஆனாலும் இன்சுலின் இல்லாமையால் உயிரணுக்களுக்குள் இருக்கவேண்டியது வெளியே வந்து நிற்பதால், ரத்தத்தில் மட்டும் அது மிகுந்து காணப்படலாம். களஞ்சியம் காலியாகிக்கொண்டிருக்க, வாசலில் மட்டும் மூட்டைகள் அடுக்கியிருப்பதைப் போன்றது இந்நிலை. மிகுந்த பொட்டாசியம் இதயத்தின் மின்னோட்டத்தை மாற்றி, சில நோயாளிகளிடம், கடுமையான மாரடைப்பில் காணும் கோட்டின் மேடு போன்றதையே மின்படத்தில் வரைந்துவிடுகிறது. நீரும் இன்சுலினும் செலுத்தியபின், சில மணி நேரத்தில் அந்த மேடு கரைந்துபோகும்.

ஒரு சமயத்தில் பொட்டாசியம் மிகையாகத் தோன்றினாலும், இன்சுலின் ஏறத்தொடங்கியதும் அது உயிரணுக்களுக்குள் விரைந்து புகுந்து, ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக் கூடும். ஆதலால் இன்சுலினைக் கொடுக்குமுன் அதன் அளவைப் பார்ப்பதும், சிகிச்சையின் நடுவே அதை ஈடு செய்வதும் இன்றியமையாதவை.

முடிவு செய்யும் வழி

இத்தனையும் கேட்ட வாசகர், 'சரி, சர்க்கரை மயக்கத்தில் ட்ரோபோனின் ஏறினால் பொருட்படுத்த வேண்டியதில்லை போலும்' என்று எண்ணிவிடலாகாது. திருடனே இல்லை என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும் அதே தப்பிதத்தின் மறுபக்கமே. நெடுநாள் சர்க்கரை வியாதியில் நரம்புகள் மரத்துப்போவதால், மார்வலி சிறிதுமின்றியே மாரடைப்பு வரக்கூடும். அந்த மாரடைப்பே தேகத்தை உலுக்கி, கீட்டோன் அமிலப் பெருக்கத்துக்கு வித்திடவும் கூடும். எது காரணம், எது காரியம் என்று முதல் மணி நேரத்தில் எவராலும் சொல்ல இயலாத வேளைகள் உண்டு.

ஆகையால் மருத்துவர் ஓர் எண்ணை நம்பாமல், எண்களின் நடையை நம்புகிறார். சில மணிக்கு ஒரு தடவை ட்ரோபோனினை அளந்து, அது செங்குத்தாக ஏறுகிறதா, மெல்ல அசைகிறதா, சிகிச்சையோடு இறங்குகிறதா என்று பார்க்கிறார். பொட்டாசியமும் அமிலமும் சீர்பட்டபின் மின்படத்தை மறுபடி எடுக்கிறார். எக்கோ என்னும் ஒலியலைப் படத்தில் இதயச் சுவரை நோக்குகிறார்: ஒரு தமனியின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி மட்டும் அசைவற்றுக் கிடந்தால் அடைப்பின் மேல் சந்தேகம் வலுக்கும். வயது, புகைப்பழக்கம், கொழுப்பு, குடும்ப வரலாறு ஆகியவற்றையும் தராசில் இடுகிறார். சந்தேகம் தீராவிடில் ஆஞ்சியோ. காரணமின்றி அதை முதலிலேயே செய்யாததற்கும் நியாயம் உண்டு. அதற்குச் செலுத்தும் சாயம் ஏற்கெனவே வறண்ட சிறுநீரகத்துக்குப் பாரம். அடைப்பு இருப்பதாகக் கொண்டு கொடுக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளும் கசிவு அபாயம் உடையவை.

மாரடைப்பின் இலக்கணத்தை 2018இல் நான்காம் முறையாகத் திருத்தி வகுத்த சர்வதேச இதய நிபுணர் குழு, இந்த வேற்றுமையைத் திட்டமாக எழுதிவைத்தது. ட்ரோபோனின் எல்லையைக் கடந்தால் அது 'இதயத் தசைக் காயம்'. பிராணவாயு பற்றாமைக்கு அறிகுறியாலோ மின்படத்தாலோ படத்தாலோ தனிப் பிரமாணம் கிடைத்தால்தான் அது மாரடைப்பு என்னும் வகுப்பில் சேரும். அந்த வகுப்பினுள்ளும், கட்டி அடைத்ததால் வந்தது வேறு, தேவைக்கும் வரவுக்கும் பொருந்தாமையால் வந்தது வேறு.

மூன்றாம் நாள்

நம் உதாரணப் பெண்ணிடம் திரும்புவோம். முதல் நாள் அவளுக்கு முக்கிய சிகிச்சை உப்பு நீர், அளந்து சொட்டுச் சொட்டாக இன்சுலின், பொட்டாசியம் ஆகிய இவையே. ட்ரோபோனின் 60இலிருந்து 85க்கு ஏறி, மறுநாள் 40க்கு இறங்கி, மூன்றாம் நாள் எல்லைக்குள் அடங்குகிறது. நாடி எண்பதுக்கு வந்துவிட்டது, மின்படம் இயல்பாக இருக்கிறது, எக்கோவில் சுவர்கள் எல்லாம் ஒருசீராக அசைகின்றன. மூட்டை கிழியவில்லை.

எனினும் கதை இத்துடன் முடிவதில்லை. அடைப்புக்கு அடையாளம் இல்லாதிருந்தும் இந்த நோயில் ட்ரோபோனின் ஏறப்பெற்றவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சியில், ஏறாதவர்களைக் காட்டிலும் பிற்காலத்தில் இதயக் கோளாறு நேர்வது அவர்களுக்கு மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது. பாதை மோசம் என்பது மெய்யானாலும், அதே பாதையில் சிந்தாமல் சென்ற வண்டிகளும் உண்டல்லவா? சிந்திய வண்டியின் பலகைகளை ஒரு முறை தட்டிப் பார்த்துவிடுவது விவேகம். ஆகையால் அவளை அனுப்பும் மருத்துவர், வெளியேறும் சீட்டில் 'மாரடைப்பு' என்று எழுதாமல் 'கீட்டோன் அமிலப் பெருக்கத்தால் இதயத் தசைக் காயம்' என்று எழுதி, ஆறு மாதம் கழித்து இதயத்தைச் சோதிக்கவேண்டும் என்றும் குறிக்கிறார். பிறகு சீட்டைத் தாயின் கையில் கொடுக்கும்போது, கடைசி வரியின் கீழ்க் கோடிட்டுக் காட்டுகிறார்: 'காய்ச்சலானாலும், ஆகாரம் செல்லாவிட்டாலும், இன்சுலினை அடியோடு நிறுத்தலாகாது, உடனே மருத்துவரைக் கேட்கவும்.'